பழவேற்காட்டுப் பாலமும் சேலம் நீதிமன்றமும்

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே கிளம்பும் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சில மட்டும் ஆந்திர எல்லையைத் தாண்டி சூளூர்பேட்டை வரை போகும். ஷிப்ட் மாறும் நேரத்தில் நிலையத்திலிருந்து வெளியே வரும் கூட்டத்தில் தமிழோடு தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் கலந்து கேட்கும். சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் வெளிமாநிலத்து ஆட்களை நம்பித்தான் ஓடுகின்றன. நாலைந்து பேர் ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொள்ளும் லைன் வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. ஊரின் இன்னொரு பக்கம் இலங்கைத் தமிழர் முகாம். ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டது. வெளியாளையே பார்த்துப் பழகாத ஊர் என்று கும்மிடிப்பூண்டியை யாரும் சொல்லிவிட முடியாது. இதை முதலிலேயே குறித்து வைப்பது நல்லது. வெளியாளைக் கண்ட பயம்தான் இந்தப் பக்கத்தில் நடந்த கொலைக்குக் காரணம் என்று ஒரு விளக்கம் தயாராகக் காத்திருக்கிறது. அதற்கு இந்த ரயில் நிலையமே பாதி மறுப்பு.

இங்கிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே கவரைப்பேட்டை, பிறகு பொன்னேரி, பொன்னேரியிலிருந்து கிழக்கே திரும்பித் திருப்பாலைவனம் வழியாகப் போனால் பழவேற்காடு. நெல்வயல் தீர்ந்து இறால் குட்டை வரும், அதுவும் தீர்ந்து உப்பங்கழி வரும், கடைசியில் ஏரி. ஏரிக்கு அப்பால் மணல்திட்டில் மீனவக் குப்பங்கள். 2018 மே மாதம் இந்த ஊரில் ஒரு மனிதரைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொன்றார்கள். உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவர் மனநலம் பாதிக்கப்பட்டு அலைந்து திரிந்தவர் என்று செய்திகள் சொல்லின. அடித்தவர்கள் அவரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்தார்கள். வட மாநிலத்திலிருந்து ஒரு கும்பல் வந்து இறங்கியிருக்கிறது, குழந்தைகளைத் தூக்குகிறது என்று வட மாவட்டங்கள் முழுவதும் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதே வாரத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினர்களோடு காரில் வந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டது. அவரும் பிழைக்கவில்லை. அவர் சென்னைக்காரர், பேசியது தமிழ்.

இப்படிப்பட்ட கொலைகளைச் 'சூனிய வேட்டை' என்று எழுதுவது பத்திரிகை வழக்கமாகிவிட்டது. எழுதுகிறவர்கள் மனதில் இருப்பது மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் (நம் சேலத்தோடு பெயர் மட்டும்தான் பொது). 1692 ஜனவரியில் சேலம் கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் அவருடைய 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுக்காரச் சிறுமிக்கும் வலிப்பு போல ஏதோ வந்தது. மருந்துக்குக் கட்டுப்படாததால் யாரோ செய்த வினை என்றார்கள். பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிட்யூபா, பிச்சையெடுத்துப் பிழைத்த சேரா குட், கோயிலுக்கு வராமல் நோயில் கிடந்த சேரா ஆஸ்பர்ன் ஆகிய மூவர்மீது முதலில் பழி விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். விசாரணைக்கு வாய்திறக்க மறுத்த கைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் தனி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: கடுமையான மதம், சாத்தானை எங்கும் காணும் மனம், படிப்பறிவற்ற நாட்டுப்புறம். மூடநம்பிக்கை கொன்றது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். பழவேற்காட்டுக்கும் அதே வாக்கியத்தை எழுதலாம். அந்த வாக்கியம் ஏன் போதாது என்பதற்குப் பழவேற்காட்டிலேயே 400 ஆண்டுப் பழைய சான்று கிடக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று பார்க்க அதிகமில்லை. அகழியின் மிச்சமும் முட்செடி மூடிய மேடுந்தான். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையகம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அது இங்கேதான் இருந்தது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டு உருவங்கள், உள்ளே டச்சு எழுத்து வெட்டிய கருங்கல் பலகைகள். மரணத்தையும் தீர்ப்பு நாளையும் நினைவூட்டும் இந்தச் சிற்பங்களைப் பார்த்தால் நியூ இங்கிலாந்தின் கல்லறைகளில் சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கியவர்களுக்கு இவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று தெரிந்துவிடும். உண்மையும் அதுதான். இரு தரப்பும் கால்வினின் வழியில் வந்த புராட்டஸ்டண்டுகள். சாத்தான் நிஜம், அவன் மனிதர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறான் என்பதை இரு தரப்புச் சபைகளும் நம்பின. சேலத்துக்காரர்கள் தங்கள் காட்டைச் சாத்தானின் நாடு என்று பயந்தார்கள் என்றால், கோயில் மணி ஓயாத பழவேற்காட்டைப் பற்றி டச்சுப் பாதிரிகள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! 1632 முதல் பத்தாண்டு இங்கே பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் செய்தது வேறு. பத்மநாபன் என்ற பிராமணரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். சடங்கு, சாதி, கல்யாணம், சாவு, கடவுளர் பெயர் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பர்த்ருஹரியின் பாடல்களையும் மொழிபெயர்த்தார். அவர் இறந்த பிறகு 1651-இல் லைடனில் அச்சான அந்த நூல், இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பாவில் வெளிவந்த முதல் விரிவான நூல்களில் ஒன்று. தலைப்பில் 'அஞ்ஞானிகள் மதம்' என்றுதான் போட்டிருக்கிறது; மரியாதையால் எழுதியதாக நினைக்க வேண்டாம். அவருடைய கம்பெனி பஞ்ச காலங்களில் இதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கிப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றியது. டச்சுக்காரர்கள் நல்லவர்கள் என்பது என் வாதத்தின் எந்தப் பகுதியும் இல்லை. சாத்தானை அவ்வளவு நம்பிய சபை இங்கே சேலம் போல ஒரு வேட்டையை நடத்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

உடனே ஒரு மறுப்பு எழும். பழவேற்காட்டில் இருந்தவர்கள் வியாபாரிகளும் சிப்பாய்களும். லாபக் கணக்கு பார்க்க வந்த ஒரு கைப்பிடி ஆண்கள். சேலமோ குடும்பங்களும் நிலமும் தலைமுறைப் பகையும் உள்ள விவசாய ஊர். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? நியாயமான கேள்வி. கோட்டையை மட்டும் வைத்து நான் வழக்காட முடியாது. ஆனால் அந்த டச்சுக்காரர்களின் தாய்நாட்டில் விவசாய ஊர்களும் நிலத்தகராறும் கிழவிகளும் இருந்தார்கள். அங்கே சூனியத்துக்காக யாரையும் கொல்வது 17-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டோடு நின்றுபோயிற்று. நம்பிக்கை நிற்கவில்லை. சாத்தானுக்கு உலகத்தில் இப்படிப்பட்ட சக்தியெல்லாம் கிடையாது என்று புத்தகம் எழுதிய ஆம்ஸ்டர்டாம் பாதிரி பால்தசார் பெக்கரை 1692-இல், சேலத்தின் அதே ஆண்டில், சபை பதவிநீக்கம் செய்தது. (நகராட்சி அவருக்குச் சம்பளத்தை மட்டும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.) சாத்தானை மறுத்தவருக்கு வேலை போகும் ஊரில், சாத்தானோடு சேர்ந்ததாக ஒருத்தியைத் தூக்கிலிட மட்டும் நீதிமன்றம் சம்மதிக்கவில்லை.

இன்னும் நெருக்கமான சான்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1692 அக்டோபரில் ஜோசப் டட்லி என்ற மாசசூசெட்ஸ் பிரமுகர் நியூயார்க்கிலிருந்த டச்சு, பிரெஞ்சு கால்வினியப் பாதிரிகளிடம் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தார். அவர்களில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் பிரசங்கம் செய்த அதே சபையின் பாதிரிகள். சூனியம் உண்டா என்றதற்கு உண்டு என்றார்கள். ஒருத்தியின் ஆவியுரு வந்து என்னைக் கிள்ளியது என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால் அதை வைத்துத் தண்டிக்கலாமா என்றதற்குக் கூடாது என்றார்கள். சாத்தான் குற்றமற்றவரின் உருவத்தையும் எடுத்து வரலாம் என்பது அவர்கள் தர்க்கம். நம்பிக்கைக்குள்ளேயே நின்றுகொண்டு சாட்சியத்தை மட்டும் மறுத்தார்கள். பக்கத்துக் குடியேற்றமான கனெக்டிகட் இன்னும் தெளிவான உதாரணம். அங்கிருந்தவர்களும் தூய பியூரிட்டன்கள். 1640களிலிருந்து 1660களின் தொடக்கம்வரை சூனியக்காரிகளைத் தூக்கிலிட்டவர்கள். பிறகு, ஒரே செயலை ஒரே நேரத்தில் இரண்டு பேராவது பார்த்திருந்தால்தான் சாட்சி செல்லும் என்று 1669-இல் விதியை இறுக்கினார்கள். 1692-இல் அங்கேயும் சேலம் போலவே ஓர் இளம்பெண் வலிப்பு கண்டு பெயர்களைக் கத்தினாள். ஃபேர்ஃபீல்டில் நீதிமன்றம் கூடியது. மெர்சி டிஸ்பரோ என்ற ஒருத்திக்கு மட்டும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதையும் மேலே மறு ஆய்வு செய்து நிறுத்திவிட்டார்கள். அதே மதம், அதே ஆண்டு, அதே வலிப்பு. பிணம் ஒன்றுகூட இல்லை.

பூண்டி, சோழவரம் என்று ஏரிகளால் ஆன திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டாம். தண்ணீர் எல்லா ஏரியிலும் இருக்கிறது. கழனி மூழ்குவது மதகைப் பொறுத்தது. பயமும் பழிசொல்லும் எல்லா ஊரிலும் தேங்கிக் கிடக்கின்றன. ஒரு பழிசொல் தண்டனையாக மாறுவதற்கு முன்னால் எதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்பதில்தான் வேட்டையின் தொடக்கம் இருக்கிறது. மாசசூசெட்ஸில் 1684-இல் பழைய சாசனம் ரத்தாகி, 1689-இல் லண்டன் அனுப்பிய ஆளுநரைக் கலகம் செய்து விரட்டி, சட்டபூர்வமான அரசு என்று ஒன்று உறுதியாக இல்லாமல் கிடந்தது. புதிய சாசனத்தோடு வில்லியம் ஃபிப்ஸ் 1692 மே மாதம் வந்து இறங்கியபோது சிறைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அவர் அவசரமாக ஒரு தனி நீதிமன்றத்தை அமைத்தார். அந்த நீதிமன்றம் ஆவியுருச் சாட்சியை ஏற்றுக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்னும் நாலு பேரைக் காட்டிக்கொடுத்தவர்களை உயிரோடு வைத்தது. நான் செய்யவில்லை என்று கடைசிவரை நின்றவர்களைத் தூக்கிலிட்டது. பிறகு பெயர்கள் பெருகாமல் என்ன செய்யும்? ஃபிப்ஸ் அக்டோபரில் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றத்தில் பழைய நீதிபதிகளில் பலர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆவியுருச் சாட்சி மட்டும் இல்லை. ஏறக்குறைய எல்லோரும் விடுதலையானார்கள். தண்டிக்கப்பட்ட மூவரையும் ஃபிப்ஸ் தூக்குக்கு அனுப்பவில்லை. அந்த மூன்று மாதத்தில் சேலத்துக்காரர்கள் சாத்தானை நம்புவதை விட்டுவிடவில்லை.

இந்தக் கதை சென்னைக்கு அத்தனை தொலைவில் நடந்ததுமில்லை. சேலம் நீதிமன்றம் கலைந்த அதே 1692 அக்டோபரில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் மாறினார். போனவர் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல். வந்தவர் நத்தேனியல் ஹிக்கின்சன், 1688-இல் சென்னை மாநகராட்சியின் முதல் மேயராக இருந்தவர். அவருடைய தந்தை ஜான் ஹிக்கின்சன் சேலம் நகரச் சபையின் மூத்த பாதிரி. தாத்தா அந்தச் சபையின் முதல் பாதிரிகளில் ஒருவர். சென்னையின் புதிய ஆளுநருடைய சகோதரி ஆன் டாலிவர், கணவன் கைவிட்டுப் போனதால் தந்தை வீட்டில் இருந்தவர், 1692 ஜூனில் சூனியக்காரி என்று பிடிபட்டார். அவர் மனம் சரியில்லாதவர் என்று அந்த வீட்டாருக்குத் தெரியும். பாதிரியின் மகள், சேலத்து மாஜிஸ்திரேட் ஒருவரின் தங்கை என்ற உறவெல்லாம் அவர்மீது பழி விழுவதைத் தடுக்கவில்லை. ஆனால் தூக்குமரம் வரை அவர் போகவில்லை. சேரா குட்டுக்குப் பரிந்து பேச யாருமில்லை, ஜூலையில் தொங்கினார். மனம் பிறழ்ந்தவரும் கைவிடப்பட்டவரும் முதலில் அகப்படுவது 1692-க்கும் 2018-க்கும் பொது. பேர் சொல்லிக் காப்பாற்ற ஆளிருக்கிறதா என்பதில்தான் அவர்களுக்குள் வித்தியாசம்.

சேலத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் மற்றக் காரணங்களை நான் ஒதுக்கிவிடவில்லை. பால் பாயரும் ஸ்டீபன் நிசன்பாமும் 1974-இல், பழிசொன்னவர்கள் பெரும்பாலும் கிராமத்தின் மேற்கே விவசாயத்தில் தேங்கிப்போனவர்கள், பழிக்கு ஆளானவர்கள் கிழக்கே துறைமுக வணிகத்தோடு ஒட்டியவர்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். மேரி பெத் நார்ட்டன் 2002-இல், வடக்கே மெய்ன் எல்லையில் பூர்வகுடிகளோடு நடந்த போரிலிருந்து தப்பி வந்த அகதிகளின் பீதியைக் காட்டினார். ரை தானியத்தில் பிடித்த பூஞ்சைதான் வலிப்புக்குக் காரணம் என்று 1976-இல் வந்த விளக்கம் பரபரப்பானது. அதே ஆண்டே அதை மறுத்துவிட்டார்கள், ஆனாலும் இன்றுவரை யூடியூபில் சுற்றுகிறது. இவற்றில் முதலிரண்டும் யார் பழிசொன்னார்கள், யார் மாட்டினார்கள் என்பதை நன்றாகவே விளக்குகின்றன. பகையும் போரும் சேலத்தில் 1692-க்கு முன்னும் இருந்தன, பின்னும் இருந்தன. தூக்குமரம் மட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலை செய்தது. பழவேற்காட்டையும் இப்படியே விளக்க ஆசை வரும். துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் வந்து மீன்பாடு குறைந்த ஊர், பக்கத்திலேயே வடநாட்டுத் தொழிலாளர்கள் குவிந்த தொழிற்பேட்டை, உள்ளுக்குள் புகைந்த கோபம் ஒருநாள் வெடித்தது. எழுதுவதற்குச் சுகமான வாக்கியம். ஆனால் தொழிலாளர் குவிந்த கும்மிடிப்பூண்டியிலிருந்து வெகுதூரத்தில், அத்திமூரில், தமிழ் பேசிய ஒரு மூதாட்டியும் அதே வாரம் அதே காரணத்துக்காகச் செத்தார் என்பதை அந்த வாக்கியம் கணக்கில் எடுக்காது.

கூட்டம் அடித்துக் கொல்வதையும் நீதிமன்றம் விசாரித்துத் தூக்கிலிடுவதையும் எப்படி ஒன்றாக்குவது என்பது இன்னும் வலுவான மறுப்பு. சேலத்தில் அரசே வேட்டையாடியது. பழவேற்காட்டில் அரசு பிறகு வந்து, அடித்தவர்களைக் கைது செய்தது. வித்தியாசம் பெரியதுதான், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் கூட்டமும் ஒரு விசாரணை நடத்துகிறது. எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தாய், பையில் என்ன என்று கேட்கிறது. மனம் பிறழ்ந்தவரால் பதில் சொல்ல முடியாது. சொன்னாலும் முன்னுக்குப் பின் முரணாக இருக்கும். அந்தத் தடுமாற்றமே அங்கே ஒப்புதல் வாக்குமூலம். சாக்லேட் சாட்சிப் பொருள். போனில் வந்த வீடியோ முன் தீர்ப்பு. ஆவியுருவைப் போலவே அந்த வீடியோவையும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது: அதில் தெரிவது எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய குழந்தை என்று கேட்க எதிரே ஆளில்லை. சேலத்தில் மதகைத் திறந்துவிட்டது மேலிடம். இங்கே கூட்டம் மதகுக்கே போகாமல் கரையை உடைத்துக்கொண்டது. அப்படியானால் குற்றவாளி வாட்ஸ்அப்தானே என்பார்கள். வேகத்தைக் கூட்டியது அதுதான், சந்தேகமில்லை. 2018 ஜூலையில் அந்த நிறுவனமே இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. ஆனால் அந்தச் செய்தி மாநிலத்தில் எத்தனையோ ஊர்களின் போன்களுக்குப் போயிற்று. பெரும்பாலான இடங்களில் யாரோ ஒருவர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருப்பார், அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் அடிக்காதீர்கள் என்று குறுக்கே நின்றிருப்பார். கொலை நடந்த ஊர்கள் செய்தியாகின்றன. நடக்காத ஊர்களை யாரும் எழுதுவதில்லை. கனெக்டிகட்டை எழுதாமல் சேலத்தை மட்டும் எழுதுவதும் அதே பழக்கம்தான்.

சேலத்தில் முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப்புக்கு ஏப்ரல் 18-இல் வாரண்ட் பிறந்தது. ஜூன் 10-இல் தூக்கு. இடையில் ஏழு வாரத்துக்கு மேல் இருந்தது. கேள்வி கேட்க நேரமிருந்தும் கேட்காத ஏழு வாரம். தூக்குக்குப் பிறகுதான் நீதிபதிகளில் ஒருவரான நத்தேனியல் சால்டன்ஸ்டால் விலகினார். பழவேற்காட்டில் அப்படி விலகி நிற்க யாருக்கும் வாரமோ நாளோ கிடைக்கவில்லை. 2018 ஜூலை 17-இல் கும்பல் கொலைகளைப் பற்றித் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும், அவர் காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையக்கூடாது, வதந்தி எங்கே சுற்றுகிறது என்று முன்கூட்டியே தகவல் திரட்ட வேண்டும் என்றது. திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த அதிகாரியின் அலுவலகம் மேற்கே மாவட்டத் தலைநகரில். ஏரி கிழக்குக் கோடியில். நடுவில் பொன்னேரி, திருப்பாலைவனம், நிறைய லெவல் கிராசிங். ஒரு குப்பத்தில் மாலையில் எழும் சத்தம் இருட்டுவதற்குள் அவர் காதுக்கு எட்ட வேண்டுமென்றால், அங்கேயே இருக்கும் யாரோ ஒருவர் அடிக்கும் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு போனை எடுக்க வேண்டும்.